ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட்

டிசம்பர் இரண்டாவது வாரம் மழை விட்டதும் ஆரோக்கியராஜ் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கூடத்து மூலையில் உட்கார்ந்துவிட்டார். கடலூர் முதுநகரில் அவர் தெரு முழுக்க அப்போது அதே வேலைதான். கிறிஸ்துமஸுக்குள் வீடு பளிச்சென்று ஆகிவிட வேண்டும். ஐஸ் கம்பெனியில் இரண்டு நாள் லீவு சொல்லியிருந்தார்.

இந்த வருஷம் அவசரம் இன்னும் ஜாஸ்தி. மகள் பிரிசில்லா வரப்போகிறாள். பத்து வயசு. மழை ஆரம்பித்ததும் மூச்சு இழுத்து, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் போய்விட்டது. சிதம்பரத்தில் பெரியம்மாவின் மூன்றாவது மாடி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே வாரத்தில், மூச்சு முட்டும்போது வாயில் அடிக்கும் மருந்து பம்பையே மறந்துவிட்டாள். ஆனால் இங்கே பள்ளிக்கூடத்தில், ஜனவரியில் வரவேண்டும், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். லீவுக்கு வந்து பத்து நாள் நன்றாக இருந்துவிட்டால் பிள்ளை வீட்டோடு இருந்துவிடும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூலையில் கை அகலத்துக்குக் கருப்பாகப் பூசணம். வறட்டு வறட்டென்று சுரண்டினார். தூள் பறந்தது. சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனை ஐந்தில் வைத்தார்.

"மே மாசத்துல அந்த அருள்முருகன் என்னா சொன்னாரு?" என்றாள் மனைவி ஜெயராணி. "ஒரு எடத்த மட்டும் தொடச்சா பிரயோசனம் இல்ல, வீடு முழுக்க பண்ணணும்னாரா இல்லியா?"

அருள்முருகன் சிதம்பரத்துக்காரர். சுவரில் ஏறும் ஓதத்தை, ஈரத்தை, சரிசெய்யும் வேலை பார்ப்பவர். சாமானையெல்லாம் வெளியே எடுத்து, நாலடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி, இருபது நாள் காயவிட்டு, மருந்து அடித்துத்தான் திரும்பப் பூச வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆரோக்கியராஜ் கேட்கவில்லை. அப்போது சுவர் காய்ந்துதான் கிடந்தது. தவிர, மே மாசம் அடித்த பெயிண்ட் கிறிஸ்துமஸுக்குள் அழுக்காகிவிடாதா? அந்தத் தெருவில் வெயில் காலத்தில் யாரும் வீட்டைத் தொட்டதே இல்லை.

"ஒரு மூலைக்காவ வீட்டயே ஒடைன்றான். பல்லு வலின்னு போனா தாடையவே கழட்டுவான் போல."

"நல்லா பேசுங்க. செவுரு இன்னும் சில்லுன்னு இருக்கு. இது மேலயா அடிக்கப் போறீங்க?"

"அதான் ஃபேனு ஓடுதுல்ல!"

பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தார். பட்டி பார்த்தார். சந்தன நிறத்தில் இரண்டு கோட் அடித்தார். கறை போன இடமே தெரியவில்லை.

இருபத்திரண்டாம் தேதி பிரிசில்லா வந்தாள். "சூப்பரா இருக்குப்பா!" என்று மூலையைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் காலை பல் தேய்க்கும்போதே வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தோள் இரண்டும் ஏறி இறங்கின.

"பெயிண்ட் வாட. ரெண்டு நாள்ல போயிடும்" என்றார் ஆரோக்கியராஜ்.

கிறிஸ்துமஸ் ஆஸ்பத்திரியில்தான் போனது. முகத்தில் மாஸ்க்கோடு, புதுக் கவுனை மடியில் வைத்துக்கொண்டு பிரிசில்லா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறாம் தேதி பெரியம்மா வந்து, வீட்டுக்குக்கூடக் கூட்டி வராமல் அங்கிருந்தே சிதம்பரத்துக்கு அழைத்துப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த ஜெயராணி, பிள்ளை படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பீரோவைத் தனியாளாக இழுத்தாள். பின்னால் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குச் சுவர் கருகினாற்போல் இருந்தது. கட்டிலை நகர்த்தினாள். அங்கேயும் அதேதான்.

"மூலைல மட்டுந்தான இருக்குன்னீங்க?"

மறுநாள் அருள்முருகன் வந்தார். நாலு சுவரிலும் ஈரம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தார். புதுப் பெயிண்டை நகத்தால் கீறினார். அது தோலாக உரிந்து வந்தது.

"பூசணத்த தண்ணி தெளிக்காமயா சொரண்டுனீங்க?"

"ஆமா."

"ஃபேனு?"

ஆரோக்கியராஜ் ஜெயராணியைப் பார்க்கவில்லை. "ஓடுச்சி."

அருள்முருகன் கட்டில் மெத்தையைத் தட்டிப் பார்த்தார். "அந்தத் தூளு பறந்து மெத்த, தலகாணி, துணிமணி எல்லாத்துலயும் போய் ஒக்காந்திருக்கும் சார்."

"பரவால்ல. நீங்க சொன்ன மாரியே முழுசா பண்ணிடுங்க. இப்பவே ஆரம்பிங்க. ஜனவரிக்குள்ள முடியுமா?"

"ஈரத்துல கொத்திப் பூசுனா பூச்சு நிக்காது. ஏப்ரல் வரணும். அதுக்கப்புறமும் வீட்ட நல்லா பாத்துட்டுத்தான் பிள்ளைய வைக்கணும்."

"ஒரு ரூமு மட்டுமாவது..."

"சார்" என்றார் அருள்முருகன் தணிந்த குரலில், "திரும்பவும் அதயே கேக்கறீங்களே."

ஜெயராணி உள்ளே போய்த் தன் புடவைகளை உதறிப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

"நீயுமா?"

"பத்து வயசுப் புள்ளைய எத்தினி நாளு அக்கா கையில விட்டு வைக்கறது? நீங்க ஐஸ் கம்பெனிக்கு இங்கேர்ந்து போங்க. ஞாயித்துக்கெழம வாங்க."

சண்டை போட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் என்றிருந்தது. அவள் கணக்காக, அமைதியாக மடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, ஆபீஸ் ரூம் ஜன்னலில் ஆரோக்கியராஜ் டி.சி.க்கு விண்ணப்பம் நீட்டினார். உள்ளே இருந்த அம்மாள் அதைத் திருப்பித் தந்தார்.

"காரணம் எழுதலியே சார்."

பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நீண்டது. எங்கள் வீட்டில் என் பிள்ளை மூச்சு விட முடியாது என்று எப்படி எழுதுவது? குடியிருப்பு மாற்றம், சிதம்பரம் என்று எழுதினார்.

"ஓ, குடும்பத்தோட சிதம்பரம் போறீங்களா? நல்ல ஊருதான் சார்."

"இல்லங்க" என்றார் ஆரோக்கியராஜ். "அவுங்க மட்டுந்தான்."