கழுவிவிட்ட வாசல்

ரப்பர் குழாயைக் கையில் பிடித்தபடி நின்ற மேஸ்திரியின் முகத்தில் அப்படியொரு பெருமை. அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்த அந்த மனையின் வாசலில் லாரி டயர்கள் அப்பிவைத்த சேற்றைக் காணோம். கலவை வண்டி கழுவிக் கொட்டிப்போன சிமெண்ட் பாலையும் காணோம். எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்கவே வேண்டாம். மழைநீர் வடிகாலின் வாயை அடைத்து அவள் அடுக்கியிருந்த ஜல்லி மூட்டைகள் சுவரோரம் சமர்த்தாக ஒதுங்கிக் கிடந்தன.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனையிலிருந்து அழுக்குத் தண்ணீர் வெளியே போகாமல் பார்ப்பதுதான் அவளுக்குச் சம்பளம். எந்நேரமும் சேறு சேறு என்று கத்துவதால் ஆட்கள் வைத்த பெயர் சேறக்கா. குழாயும் கையுமாக நின்ற மகராசன் அவளைக் கட்டிய புருஷன்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"கழுவியிருக்கேன். மாசுக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் வர்றாருன்னு காலையிலேர்ந்து படபடன்னு இருந்தியே, உன் மானத்தைக் காப்பாத்தலாம்னுதான்."

"மூட்டையை யாரு எடுக்கச் சொன்னது?"

"வாசல்ல அசிங்கமா கிடந்துச்சு. தண்ணியும் போகாம தேங்கி நிக்குது."

"தேங்கி நிக்கத்தாங்க அதை வச்சதே! நின்னாத்தான் சேறு அடியில தங்கும்!"

இதை அவள் வேலை தொடங்கும்முன் நடக்கும் கூட்டத்தில் சொல்லியிருக்கிறாள், படம் போட்டுக் காட்டியிருக்கிறாள், வீட்டில் சோறு போடும்போதும் சொல்லியிருக்கிறாள். மனிதர் தலையாட்டாமல் இருந்ததே இல்லை. தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? சாக்கடைதானே, எங்கயாவது சுத்தம் பண்ணித்தான் விடுவாங்க" என்றார்.

கக்கூஸ் தண்ணீரைத்தான் சுத்தம் செய்கிறார்கள். சாலையோர வடிகால் தெருக்கோடியில் இருக்கும் கிடங்கின் சுவரைத் தாண்டி நேரே வாய்க்காலில் விழுகிறது. வாய்க்காலின் முதல் மதகு திறப்பது மேஸ்திரியின் சொந்தத் தங்கையின் மீன்குளத்துக்கு. அதில் விட்ட மீன்குஞ்சுகளை நம்பித்தான் தங்கை தையல் வேலையையே விட்டிருந்தாள். சிமெண்ட் கழுவிய தண்ணீர் கையில் பட்டாலே எரியும். மீனின் செவுளில் பட்டால் கேட்க வேண்டுமா?

"உங்க தங்கச்சி மீனெல்லாம் சாயங்காலம் மல்லாந்து மிதக்கும். சந்தோஷமா?"

மேஸ்திரிக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் விடவில்லை. "அவரு பார்த்துட்டுப் போயிடட்டும். அப்புறமா அடைச்சிக்கலாம். முன்னாடியே எச்சரிச்ச மனுஷன், இதைப் பார்த்தா வேலையையே நிறுத்திடுவாரு. இத்தனை பேர் பொழப்புல மண்ணள்ளிப் போடப்போறியா?"

"அவரு போறவரைக்கும் தண்ணி உங்களுக்காக நின்னு வேடிக்கை பார்க்குமா?"

அவள் நாத்தனாரைப் போனில் பிடித்தாள். "மதகை மூடும்மா, உடனே."

"ஏன் அண்ணி? இப்பத்தானே தண்ணி திறந்தேன்."

"சிமெண்ட் தண்ணி வருது. உங்க அண்ணன் கழுவி விட்டுட்டாரு."

"அண்ணனா? அண்ணன் அப்படியெல்லாம் பண்ண மாட்டாரே! நீங்கதான் எதுக்கெடுத்தாலும்..."

"அம்மா தாயே, என்னை அப்புறம் திட்டிக்கோ. மூடு!"

"அது துருப்பிடிச்சுக் கிடக்கு, ஒருத்தியா இறக்க முடியாது. யாராவது வர்றாங்களான்னு பார்க்கிறேன்." போனை வைத்துவிட்டாள்.

பார்க்கிறாளாம்! அவளை நம்பினால் ஆகாது. மணலை மூடியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை உருவிக்கொண்டு கிடங்குச் சுவரோரம் ஓடினாள். சித்தாள்கள் இரண்டு பேர் மணல் மூட்டைகளோடு பின்னால் வந்து வடிகால் மூடியைப் பெயர்த்தார்கள். வெளிறிய சாம்பல் நிறத் தண்ணீர் அங்கே வந்துவிட்டிருந்தது. உள்ளே இறங்கினாள். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து கெண்டைக்கால் எரிந்தது. விரிப்பை மடித்து மூட்டையை அழுத்தினால் அந்தப் பக்கம் தண்ணீர் பிய்த்துக்கொண்டது. இன்னொரு மூட்டைக்குக் கை நீட்டியபோது, முணுமுணுத்துக்கொண்டே அதைத் தோளிலிருந்து இறக்கியவர் மேஸ்திரி.

ஒருவழியாகத் தண்ணீர் நின்றது. அதே நேரம் பார்த்தா இன்ஸ்பெக்டரின் வண்டி வந்து நிற்க வேண்டும்!

அவர் வாசலைப் பார்த்து அசந்துபோனார். "இவ்வளவு சுத்தமான இடத்தை நான் பார்த்ததே இல்ல" என்றபடி இவர்களிடம் நடந்து வந்தார். "இங்க என்ன வேலை?"

"சும்மா தூர் வாருறோம் சார்" என்று மேஸ்திரி முந்திக்கொண்டார். வாயைத் திறந்துவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

அவள் வானத்தைப் பார்த்தாள். மேகம் திரண்டு இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் இந்த அடைப்பு தாங்காது. தேங்கியதை உறிஞ்சி எடுக்கும் லாரி, இவள் கூப்பிட்டால் நாளைக்கு வரும். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டால் இப்போதே வரும்.

"தூரெல்லாம் வாரலை சார். வாசல் சிமெண்ட்டையும் சேத்தையும் இதுக்குள்ள கழுவி விட்டுட்டோம். அடைச்சு வச்சிருக்கோம். மழைக்கு முன்னாடி உறிஞ்சியாகணும்."

அவர் முகம் புளியைக் கடித்தது போல் ஆயிற்று. "ஏம்மா, இப்பத்தானே வாயாரப் பாராட்டினேன்!" என்று நொந்துகொண்டே போன் செய்தார். லாரி வந்து அடிவண்டல்வரை உறிஞ்சிக்கொண்டு போயிற்று. அவரும் கிளம்பினார், மறு உத்தரவு வரும்வரை வேலை நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு.

ஆட்கள் கருவிகளைக் கழுவும் குழியில் கழுவி வைத்துவிட்டு வெளியேறினார்கள். கழுவிவிட்டவரை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. "சேறக்கா சும்மா இருந்திருக்கலாம்" என்று அவள் காதுபடவே சொல்லிக்கொண்டு போனார்கள். மேஸ்திரி கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். அவள் சிவந்து தடித்திருந்த காலைக் குடிதண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். மழை வலுக்கத் தொடங்கியிருந்தது.

போன் அடித்தது. நாத்தனாரின் குரல் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும் குரல்.

"அண்ணி, மதகை இறக்கவே முடியலை. கை கொடுக்க ஒரு ஆள் வரலை. பயந்துபோய் இவ்வளவு நேரமும் கரையிலயே நிக்கிறேன். ஒரு மண்ணும் வரலை! மீனெல்லாம் துள்ளிக்கிட்டு இருக்கு. எதுக்கு இப்படி மனுஷியைப் போட்டுப் பயமுறுத்துறீங்க? இதுல அண்ணன் மேல வேற பழி. தங்கமான மனுஷன் அவரு!"

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் தலை குனிந்துகொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்தது.

"ஆமாம்மா, ஒண்ணும் வரலைதான்" என்றாள். "மழையில நிக்காதே, வீட்டுக்குப் போ."