இளகின எலாஸ்டிக்

எனக்கு இளகின மனசு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. வாய்த்துடுக்கு என்றுதான் பெயர். அப்படிப்பட்ட நான் செய்த காரியம் இது.

மாமாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். மாமியார் இல்லை. என் வீட்டுக்காரர் லாரியை எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வரப் பத்து நாள் ஆகும். மாமாவைப் பாத்ரூமுக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போவது நான்தான். மருமகள் துணியை விலக்கிவிடும்படி ஆகிவிட்டதே என்று மனுஷன் கூனிக் குறுகிப்போவார்.

"ஒரு நாள் தனியா போயிட்டேன்னா போதும்மா. வேற எதுவும் வேணாம்" என்பார்.

பயிற்சி சொல்லித்தர வந்த பெண் கறாரான ஆள். "உள்தொடை, வெளித்தொடை ரெண்டும் வலுவானாத்தான் இடுப்பு சாயாம நிக்கும்" என்றாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்து இறுக்குவது உள்தொடைக்கு. முழங்காலுக்கு மேலே எலாஸ்டிக் வளையத்தை மாட்டிக் காலை அகட்டுவது வெளித்தொடைக்கு. வளையத்தை நானே தைத்தேன். பத்து வருஷமாகக் கால்சட்டை இடுப்புக்கு எலாஸ்டிக் தைப்பதுதானே என் பிழைப்பு.

"இதை மாட்டிக்கிட்டுப் பதினஞ்சு தடவை அகட்டட்டும். அப்புறம் தனியா விடலாம்" என்றாள் அந்தப் பெண்.

தலையணையை மாமா ஒரு வழி பண்ணிவிட்டார். வளையத்திடம்தான் பாச்சா பலிக்கவில்லை. நாலு, அஞ்சு, அதோடு சரி. மூன்று வாரமும் அஞ்சுதான். ஒரு நாள் காலையில் வளையத்தைக் கழற்றாமலே படுத்து விசும்பினார். எழுபது வயது மனுஷன் அழுதால் யாருக்குத்தான் பொறுக்கும்? அன்று சாயங்காலமே இளகின எலாஸ்டிக்கில், அதே நிறத்தில் இன்னொரு வளையம் தைத்துக் கொண்டுவந்து மாற்றிவைத்தேன்.

மறுநாள் ஒன்பது. அந்த வாரக் கடைசியில் பதினைந்து.

"பாத்தியா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். உண்மையைச் சொன்னால் முகம் சுருங்கிவிடுமே என்று நாளை, நாளை எனத் தள்ளிப்போட்டேன். நான் இல்லாதபோது எழுந்திருக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால், பாத்ரூம் வாசலில் விழுந்து கிடந்தார். துணியெல்லாம் ஈரம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கட்டிலில் உட்கார்ந்ததும் மாமா தன் தொடையில் ஓங்கி அறைந்துகொண்டார்.

"இந்தச் சனியன் புடிச்ச காலு என்னை ஏமாத்திடுச்சும்மா."

மறுபடி ஓங்கிய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"காலு இல்ல மாமா. நான்தான் ஏமாத்தினேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப நான் இன்னும் அஞ்சுலதான் இருக்கேனா?"

"ஆமா மாமா."

அறைந்த இடத்தைத் தடவிவிட்டுக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினார்.

"பாத்ரூம் போகணும். புடிச்சுக்கம்மா" என்றார்.