ருக்சார் தவறவிட்ட பதினோரு செல்கள்

கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளத்தில் அந்தப் பரிசோதனைக் கூடம் இருந்தது. அங்கே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கக்கூடிய மைக்ரோஸ்கோப் ஒன்று உண்டு. ஒரு பக்கம் டாக்டர் கருணாகரன் உட்காருவார். எதிர்ப்பக்க ஸ்டூலில் பதினான்கு வருடங்களாக உட்கார்ந்தவள் ஜெசிந்தா. சந்தேகமான ஸ்லைடு எது வந்தாலும், "ஜெசிந்தா, வாங்க, இது என்னன்னு சொல்லுங்க" என்று டாக்டர் கூப்பிடுவார். அவள் சொல்வாள். பத்துக்கு ஒன்பது தடவை அவள் சொன்னதே ரிப்போர்ட்டில் ஏறும்.

ஜூன் மாதம் ருக்சார் வேலைக்குச் சேர்ந்தாள். ஆகஸ்டு முடிவதற்குள் டாக்டர், "ருக்சார், ஒரு நிமிஷம் வாம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஜெசிந்தாவை யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. சம்பளம் குறையவில்லை. மேஜை மாறவில்லை. ஆனால் அந்த 'வாம்மா' காதில் விழும்போதெல்லாம் ஸ்லைடை நகர்த்தும் அவள் கை ஒரு நொடி நின்றது. பதினான்கு வருடத்தில் தன்னை ஒரு நாளாவது 'வாங்க'விலிருந்து 'வாம்மா'வுக்கு அவர் இறக்கியது உண்டா என்று யோசித்துப் பார்த்தாள். இல்லை.

ஜெசிந்தா பட்டினப்பாக்கத்துப் பெண். அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்தாள். பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருட டிப்ளமோ, அதோடு நேராக வேலை. பெண்களின் கர்ப்பப்பை வாயிலிருந்து சின்னப் பிரஷ்ஷால் எடுத்து, கண்ணாடியில் தடவி, சாயமேற்றி வரும் செல்களைப் பார்ப்பதுதான் அவள் வேலை. நல்ல செல் அகலமாக, மெல்லிய அப்பளம் போலப் பரந்து கிடக்கும். உள்ளே நிறைந்திருக்கும் கூழான சைட்டோபிளாசம் ரோஜா நிறத்திலோ இளநீலத்திலோ இருக்கும். நடுவே எள்ளளவு உட்கரு. கெட்டுப்போகத் தொடங்கிய செல்லில் உட்கரு வீங்கும், கறுக்கும், அதன் ஓரம் சுருங்கி நெளியும். சைட்டோபிளாசம் ஒதுங்கி ஒரு விளிம்பாகத் தேய்ந்துவிடும். இதை ஜெசிந்தா எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. லட்சக்கணக்கான செல்களைப் பார்த்துப் பார்த்து அவள் கண் பழகிக்கொண்டது.

ருக்சார் எம்.எஸ்ஸி. படித்தவள். வயது இருபத்தாறு. செல் ஏன் அப்படி மாறுகிறது என்ற காரணமும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, நர்சிங் மாணவிகள் இருபது பேர் கூடத்தைப் பார்க்க வந்தார்கள். போன வருடமும் வந்தார்கள். அப்போது டாக்டர் ஜெசிந்தாவைத்தான் பேசச் சொன்னார். எனக்கு அதெல்லாம் வராது சார் என்று அவள் நழுவிவிட்டாள். இந்த வருடம் ருக்சாரைச் சொன்னார். ருக்சார் ஸ்லைடைத் திரையில் போட்டுக் காட்டி, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"புக்ல செல்லுன்னா கலர் கலரா படம் போட்டிருப்பாங்க. மைட்டோகாண்ட்ரியா ஒரு பக்கம், கோல்கி ஒரு பக்கம். இந்த ஸ்லைடுல அதைத் தேடாதீங்க. ரொம்பச் சின்னது, இந்தச் சாயத்துலயும் தெரியாது. ஆனா உள்ள எல்லாம் இருக்கு, வேலையும் நடக்குது. எப்படித் தெரியும்? உட்கருவுக்குள்ள சிவப்பா ஒரு புள்ளி இருக்கு பாருங்க. அதுதான் நியூக்ளியோலஸ். ரைபோசோம் உருவாகுற இடம். ரைபோசோம் இருந்தாத்தான் செல்லுல புரதம் செய்ய முடியும். புண்ணு ஆறுற இடத்துல செல்லுக்கு நிறையப் புரதம் வேணும், அதனால நிறைய ரைபோசோம் வேணும், அதனால இந்தப் புள்ளி பெருசாகும். புள்ளி பெருசா இருக்கேன்னு உடனே பயந்துடாதீங்க. மத்ததையும் சேர்த்துப் பார்க்கணும்."

மாணவிகள் எழுதிக்கொண்டார்கள். டாக்டர் கதவோரம் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா தன் மேஜையில் குனிந்திருந்தாள். அந்தச் சிவப்புப் புள்ளியை அவள் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பாள்! எது ஆறும் புண், எது நோய் என்று ஒரே பார்வையில் பிரித்துவிடுவாள். ஆனால் அது ஏன் பெரிதாகிறது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. நேற்று வந்தவள், ஜெசிந்தாவின் வீட்டுக்குள்ளேயே நுழைந்ததுபோல, அவளுக்கே தெரியாத ஓர் அறையைத் திறந்து காட்டிவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் ருக்சாரின் ஸ்லைடுகளை எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள். 'நார்மல்' என்று எழுதப்பட்ட ஸ்லைடுகளில் பத்துக்கு ஒன்றை மூத்தவர் மறுபடி பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி, மூத்தவள் ஜெசிந்தாதான். ஆனால் அவள் பத்துக்குப் பத்தும் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் பார்த்தாள். டீ குடிக்கப் போகாமல் பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு வாரம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அது அவளை இன்னும் எரித்தது.

அடுத்த வியாழக்கிழமை அகப்பட்டது.

4112 என்ற ஸ்லைடு. ருக்சார் 'நார்மல்' என்று எழுதியிருந்தாள். கண்ணாடியின் வலது ஓரத்தில், அதை மூடியிருந்த மெல்லிய கண்ணாடித் தகட்டின் விளிம்பை ஒட்டி, சின்னஞ்சிறு செல்கள் வரிசையாகக் கிடந்தன. கவனிக்காதவர்கள் ஏதோ வெள்ளையணுக்கள் என்று தாண்டிப் போய்விடுவார்கள். ஜெசிந்தா பெரிதாக்கிப் பார்த்தாள். உட்கரு செல்லையே அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே மரபுப் பொருளான குரோமாட்டின் கரடுமுரடாகக் கறுத்திருந்தது. உட்கருச் சவ்வு உலர்திராட்சைத் தோல் மாதிரி சுருங்கியிருந்தது. சைட்டோபிளாசம் நூலளவு. எண்ணினாள். பதினொன்று.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்.

பழக்கம் விடவில்லை, பச்சை மையால் அந்த இடத்தைச் சுற்றிப் புள்ளி வைத்தாள். மறுபார்வை நோட்டில் எண்ணையும் தேதியையும் எழுதினாள். பிறகு டாக்டரிடம் போக எழுந்தவள், உட்கார்ந்துவிட்டாள். திங்கட்கிழமை மாதக் கூட்டம். கூடத்தின் முதலாளி வருவார், டாக்டர் இருப்பார், எல்லாரும் இருப்பார்கள். இந்த ஸ்லைடை அங்கே திரையில் போட்டால்? 'இது என்னன்னு சொல்லும்மா ருக்சார்' என்று கேட்டால்?

இந்த மாதிரிச் செல்கள் புற்றுநோயாக மாறுவதற்கு வருடக்கணக்காகும். நாலு நாளில் ஒன்றும் குடி முழுகிவிடாது. ரிப்போர்ட் போனாலும் திங்கட்கிழமை திருத்திக்கொள்ளலாம். ஸ்லைடில் எண் மட்டும்தான் இருந்தது. அது யாருடையது என்று அவள் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவுமில்லை. டிஷ்யூவில் சுற்றி டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள்.

அன்று சாயங்காலம் அவள் புருஷன் பிரபாகர், "இன்னா, இன்னிக்கு மூஞ்சி பளபளன்னு கீது?" என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்ல. கண்ணு நல்லா கீதுன்னு தெரிஞ்சிச்சு" என்றாள்.

வெள்ளிக்கிழமை ருக்சார் ஒரு ஸ்லைடோடு அவளிடம் வந்து நின்றாள். "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். எனக்குச் சந்தேகமாவே இருக்கு."

"டாக்டர்கிட்ட போ. உன்னைத்தானே அவர் கூப்புடறாரு."

ருக்சார் ஸ்லைடோடு திரும்பிப் போனாள். பாவம் என்று தோன்ற வேண்டிய இடத்தில் ஜெசிந்தாவுக்கு இனித்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஜெசிந்தா டீ வாங்க வரவேற்பு மேஜைப் பக்கம் வந்தாள். அங்கே உட்காரும் மேகலா, நாற்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாளுக்கு ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலடியில் பெரிய துணிப்பை ஒன்று.

"தங்கம். நம்பர் நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு. எல்லாம் நார்மல்க்கா. ஒண்ணும் பயமில்ல."

ஜெசிந்தா டீயை மேஜையிலேயே வைத்துவிட்டாள்.

"அப்பாடா!" என்றாள் தங்கம். "நான் ரங்கநாதன் தெருவுல பொடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன்மா. கடையில எல்லாரையும் கேம்ப்புக்கு இட்டுனு போய் எடுத்தாங்க. அன்னில இருந்து பயந்துகினே இருந்தேன். மூணு மணிக்கு ஒசூருக்கு பஸ்ஸு. பொண்ணுக்கு எட்டாம் மாசம். போனா இந்தப் பக்கம் ஆறு மாசம் வரமாட்டேன்."

"உங்க போன் நம்பர் இதானே?"

"அது வீட்டுக்காரம்மா நம்பரு. அந்த வீட்டத்தான் காலி பண்ணிட்டேனே."

தங்கம் ரிப்போர்ட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு, பையைத் தூக்கி இடுப்பில் வைத்து நடந்தாள்.

ஜெசிந்தா தன் இடத்துக்குத் திரும்பினாள். டிராயரைத் திறந்தாள். மூடினாள். இப்போதே சொன்னால் திங்கட்கிழமை போய்விடும். அது மட்டுமல்ல, வியாழக்கிழமையே பார்த்தது வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால், திங்கட்கிழமை திரையில் பதினோரு செல்கள் இருக்கும். அவை யாருடையவையோ அந்த அம்மாள் இருக்க மாட்டாள். ஒசூரில் எங்கே போய்த் தேடுவது? சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் நகர்ந்தது. அந்த ஐந்து நிமிடமும் அவள் ருக்சாரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து ஓடினாள். வெள்ளைக் கோட்டோடு, செருப்பு கூட மாட்டாமல், கேட்டைத் தாண்டி லாயிட்ஸ் ரோடு முனைவரை ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் தங்கம் பையை முதலில் ஷேர் ஆட்டோவுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! ஏறாதீங்க! நில்லுங்க!"

"இன்னாம்மா?"

"அந்த ரிப்போர்ட்டக் குடுங்க. தப்பா குடுத்துட்டாங்க." மூச்சு வாங்கியது. "தப்பா குடுத்துட்டோம்."

கூடத்துக்குத் திரும்பியதும் ஜெசிந்தா டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்த ஸ்லைடை டாக்டர் வைத்துப் பார்த்தார். ருக்சாரைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்தாள்.

"நான் பார்க்கலை சார். இந்த ஓரம் வரைக்கும் ஸ்லைடை நகர்த்திப் பார்க்காம விட்டிருக்கேன்."

டாக்டர் மறுபார்வை நோட்டைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. "ஜெசிந்தா, இதுல வியாழக்கிழமை தேதி போட்டிருக்கு."

"ஆமா சார்."

"இன்னிக்கு சனிக்கிழமை."

"திங்கக்கிழமை மீட்டிங்ல காட்டலாம்னு வெச்சிருந்தேன்."

ருக்சார் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஜெசிந்தா தாங்கியிருப்பாள். புரிந்துவிட்டது என்பது மட்டும்தான் அதில் இருந்தது.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "ஸ்லைடத் தவறவிட்டவங்களுக்குப் பயிற்சி குடுக்கலாம். கையில வெச்சுக்கிட்டே வாயைத் தொறக்காதவங்கள நான் என்ன பண்றது?"

வெளியே பெஞ்சில் தங்கம் காத்திருந்தாள். ருக்சார் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெசிந்தா கதவோரம் நின்றாள்.

"அக்கா, நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் நடுவுல உட்கருன்னு ஒண்ணு இருக்கு. அந்த செல்லு என்ன செய்யணும், எப்ப ரெண்டாப் பிரியணும்ன்ற விவரம் எல்லாம் அதுக்குள்ளதான். உங்க கர்ப்பப்பை வாயில கொஞ்சம் செல்லுல அது வீங்கிப்போய், சொன்ன பேச்சு கேக்காம இருக்கு. இது இன்னும் கேன்சர் இல்ல. அப்படியே விட்டா ஆகலாம். இப்பவே அந்த இடத்த மட்டும் எடுத்துட்டா சரியாப் போயிடும். முதல்ல ஒரு சதை டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிக்கணும்."

தங்கம் அழுதாள். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு ருக்சாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும் கண்ணு. கடவுள் மாதிரி வந்து சொன்ன."

ஜெசிந்தாவுக்குப் பற்றி எரிந்தது. இத்தனைக்குப் பிறகும்! கண்டுபிடித்தது நான், ஓடி வந்தது நான், கும்பிடு இவளுக்கா என்று உள்ளே ஒன்று கத்தியது. அந்த நேரத்திலும் அப்படித் தோன்றியது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"நான் இல்லக்கா" என்றாள் ருக்சார். "நான்தான் கோட்டைவிட்டவ. கண்டுபிடிச்சது அவங்க." வியாழக்கிழமையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதில்தான் ஜெசிந்தா உடைந்தாள். இந்தப் பெருந்தன்மையிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று ஒரு பொறாமை வந்தது. அதற்கு மேல் அதைச் சுமக்க முடியவில்லை. தங்கத்தின் எதிரே போய் நின்றாள்.

"அக்கா, நான் முந்தாநேத்தே பார்த்துட்டேன். சொல்லாம வெச்சிருந்தேன். இவ மாட்டிக்கணும்னு."

தங்கம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்ப நான் வண்டி ஏறிப் போயிருந்தா?"



தங்கம் ஒசூர்ப் பயணத்தைத் தள்ளிப்போட்டாள். செவ்வாய்க்கிழமை சதைப் பரிசோதனை. அதற்கடுத்த வாரம் அந்த இடத்தை மட்டும் எடுத்தார்கள். எடுத்த சதையின் ஓரங்களில் கெட்ட செல் எதுவும் இல்லை. மூன்று வாரம் கழித்து அவள் ஒசூருக்கு பஸ் ஏறினாள்.

கூடத்தில் ருக்சாரின் ஸ்லைடுகளை மூன்று மாதம் டாக்டரே மறுபடி பார்த்தார். ஜெசிந்தாவிடமிருந்து மறுபார்வை நோட்டு பறிக்கப்பட்டது. எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை. ருக்சார் தேவைக்கு மட்டும் பேசினாள். பொறாமை போயிற்றா என்றால், போகவில்லை. டாக்டர் 'வாம்மா' என்றால் ஜெசிந்தாவின் கை இன்னும் ஒரு நொடி நிற்கும். ஆனால் சந்தேகமான ஸ்லைடு எதையும் அவள் அன்றைக்கே, அது யாருடையது என்று பெயரையும் பார்த்து, எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பரில் ஒரு காலை தங்கம் போன் செய்தாள். பேத்தி பிறந்திருந்தாள். முதலில் ருக்சாரைக் கேட்டாள். இருவரும் பத்து நிமிடம் சிரித்துப் பேசினார்கள். ஜெசிந்தா கண்ணை மைக்ரோஸ்கோப்பிலிருந்து எடுக்காமல் காதை மட்டும் அங்கே வைத்திருந்தாள். கடைசியில் ருக்சார் எழுந்து வந்து போனை அவளிடம் நீட்டினாள்.

"இன்னாம்மா, எப்டி கீற?" என்றாள் தங்கம். "உன் மேல எனக்கு இன்னும் கோவந்தான். மறக்க முடியல."

"சரிக்கா."

"ஆனா செருப்புகூட இல்லாம ஓடியாந்த பாரு, அதையும் மறக்க முடியல. இன்னா பண்ணச் சொல்ற என்னை?"

பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது. ஜெசிந்தா, குழந்தை என்ன எடை என்று கேட்டாள்.