கட்டு அவிழ்க்கும் அதிகாரம்

டெய்லருடைய வலது கால் கட்டைவிரலில் சர்க்கரைப் புண். தையல் மிஷினை மிதிக்கிற கால். ஒரு மாதமாக ஆஸ்பத்திரியின் புண் கட்டும் அறையில் இருந்த சிஸ்டர்தான் தினமும் அவிழ்த்து, கழுவி, செத்த சதையைக் கிள்ளியெடுத்துக் கட்டிவிட்டாள். பதினெட்டு வருஷமாக அதுதான் அவள் வேலை. புண் சுருங்கிச் சட்டைப் பித்தான் அளவுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் சுவரில் சுற்றறிக்கை ஒட்டினார்கள். நோயாளிகளின் பாதுகாப்பு கருதி, இனி புண்ணைத் திறக்கும் அதிகாரம் டாக்டருக்கு மட்டுமே. கட்டு ஈரமானால் நர்ஸ் அதன் மேலேயே இன்னொரு சுற்று சுற்றலாம். கடைசி வரியில் தாராளம்: நோயாளி தனக்குப் பிடித்த டாக்டரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே டாக்டர்.

அவர் மூக்கில் கைக்குட்டையோடு வாசலிலேயே நிற்பார்.

“எப்படி இருக்கு?”

“வலிக்குது சார்.”

“நல்லது. உயிர் இருக்குன்னு அர்த்தம்.”

சீட்டில் ‘புண் காய்கிறது’ என்று எழுதினார். மறுநாள் ‘மேற்படி’. அதற்கடுத்த நாளும் ‘மேற்படி’. சிஸ்டர் மேலே மேலே சுற்றினாள். கால் தலையணையாகிவிட்டது.

“டாக்டர், வாடை வருது. ஒரு தடவ திறந்து பாருங்க.”

“மோந்து பாத்து வியாதி சொல்றது உங்க வேலைல எங்கம்மா எழுதியிருக்கு?”

“உங்க மூக்குதான் கைக்குட்டைக்குள்ள இருக்கே டாக்டர்.”

அதற்கு அவளுக்கு ஒரு மெமோ கிடைத்தது.

வீட்டில் டெய்லரின் மனைவி பாயை அடுத்த அறைக்குக் கொண்டுபோனாள். “செத்த எலிய கால்ல கட்டிக்கிட்டுத் திரியிற மாதிரி இருக்குங்க. சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல.”

பத்தாம் நாள் மனைவியோடு வந்த டெய்லர் சொன்னார்: “எனக்கு நீங்கதான் வேணும் சிஸ்டர்.”

“நான் தொட்டா வேல போயிடும்ண்ணே.”

டெய்லர் சுற்றறிக்கையை மறுபடி ஒரு முறை நிதானமாகப் படித்தார். “நோயாளி தொடக்கூடாதுன்னு போடலியே?” என்றபடி சட்டைப்பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தார். தப்பாகத் தைத்ததைப் பிரிக்கிற அதே பொறுமையோடு சுற்றுச் சுற்றாக வெட்டினார்.

“இழுக்காதீங்கண்ணே, ஒட்டியிருக்கு. அந்த பாட்டில் தண்ணிய ஊத்துங்க.” சிஸ்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்.

கடைசித் துணி வழவழவென்று கழன்றது. பித்தான் அளவுப் புண்ணைக் காணோம். விரலே கரிக்கட்டையாக இருந்தது. ஓரத்துச் சீழில் வெள்ளையாக நாலைந்து நெளிந்தன. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு கைகழுவும் தொட்டிக்கு ஓடினாள்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். டெய்லர் காலை உயர்த்திக் காட்டினார்.

“மேற்படி சார்.”

டாக்டர் அன்றுதான் முதல்முறையாக மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், வாந்தியெடுப்பதற்காக.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கணுக்காலோடு போயிருக்கும் என்றார்கள். மிச்சப் பாதம் பிழைக்கத் தினமும் கட்டு மாற்ற வேண்டும். மாற்றும் இடம் பழைய அறைதான்.

அங்கே டாக்டர் ஒரு படிவத்தோடு காத்திருந்தார். ‘நோயாளி தன் விருப்பப்படி கட்டை அவிழ்த்ததால் தொற்று ஏற்பட்டது.’

“கையெழுத்துப் போடுங்க. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி.”

“போடுறேன் சார். முதல்ல நீங்க உங்க கையால இந்தக் கட்ட அவுத்துக் கழுவிவிடுங்க. கைக்குட்ட இல்லாம.”

டாக்டர் கட்டைப் பார்த்தார். அதிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு தரையில் விழுந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு.” படிவத்தையும் மறந்துவிட்டுப் போனார்.

டெய்லர் அந்தத் தாளை மடித்துக் காலுக்கடியில் வைத்தார், சீழ் சிந்தினால் உறிஞ்சட்டும் என்று.

சிஸ்டர் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து, முழங்கை வரை சோப்புப் போட்டாள்.