நான் குத்திய புள்ளி

தபால்காரர் இப்போதெல்லாம் எங்கள் வாசலில் நிற்பதில்லை. நடந்தே வருகிறார். ஏதாவது இருந்தால் கேட்டுக்கு மேலே வீசிவிட்டு, நடந்தே போகிறார். முன்பு பைக்கில் வருவார். அந்த வண்டியை நான் திருடிவிட்டேன் என்று தெருவில் பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். மீதிப் பாதிப் பேர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் எடுக்கவில்லை. யார் எடுத்தது என்று இன்றைக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. வீட்டுக்கு வெளியே யாரிடமாவது சொல்லிவிட்டால் தேவலை.

அப்பாவுடையது மெக்கானிக் ஷெட். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் கை வைப்பேன். தபால்காரரின் வண்டி ஒரு வாரம் எங்களிடம் வேலைக்கு நின்றது. முடிந்ததும் நானே ஓட்டிப்போய் அவர் வீட்டில் விட்டுவிட்டு, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். விடிந்து பார்த்தால் வண்டி இல்லை. பூட்டு உடையவில்லை. யாரோ கள்ளச்சாவி போட்டிருக்கிறார்கள். அந்த வாரம் முழுக்கச் சாவி எங்கே தொங்கியது? எங்கள் ஷெட் ஆணியில். ஆணிக்குக் கீழே எந்நேரமும் உட்கார்ந்திருந்தது யார்? நான்தான்.

அப்பா அடிக்கவில்லை. "நீ எடுத்தியா?" என்று ஒரே தடவை கேட்டார். இல்லை என்றேன். "சரி" என்றார். அந்தச் சரிக்குப் பிறகு ஸ்பேனர் நம்பரைத் தவிர என்னிடம் எதுவும் பேசுவதில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

போன வாரம் அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தான் பழைய வண்டிகளை வாங்கி விற்கிறவர். ஒரு வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அதில் இன்ஜின் இல்லை. இன்ஜின் தனியாக ஒரு சாக்கில் வந்தது. ஆயில் இல்லாமல் ஓட்டி, பிஸ்டன் இறுகிப் பிடித்துப்போன இன்ஜின்.

"பழைய இரும்புக் கடையில கெடச்சுது மச்சான். உயிர் குடுத்து இந்த வண்டில மாட்டிட்டாப் போதும். வாங்க ஆள் ரெடியா இருக்கான்."

"இன்ஜின் நம்பர் இருக்கிற எடத்துல பெயிண்ட் அடிச்சிருக்கே அத்தான்?"

"இரும்புக் கடைக்காரனுக்கு ரசனை ஜாஸ்தி" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மாப்பிள்ளையிடம் அவர் எதையும் கேட்கமாட்டார்.

அப்பா பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட்டு இன்ஜினை வண்டியில் ஏற்றினார். டைமிங் வைப்பது என் வேலை. என் விரல்தான் ஒல்லி, செயினுக்குள் நுழையும். கீழே பிஸ்டன் ஏறி இறங்குகிறது, மேலே வால்வு திறந்து மூடுகிறது. ரெண்டையும் ஒரு சின்னச் செயின் கட்டி வைத்திருக்கிறது. கீழே பிஸ்டனோடு சுற்றுகிற மேக்னட்டில் இருக்கும் கோட்டை நேராக நிறுத்திக்கொண்டு, மேலே வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டின் பல் சக்கரத்தில் கம்பெனி போட்ட கோட்டை, இன்ஜின் தலையான ஹெட்டின் விளிம்போடு சேர்க்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனால் வண்டி இருமும். மூன்று பல் தள்ளினால் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும்.

இன்று சாயங்காலம் அந்தப் பல் சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தேன். கம்பெனிக் கோடு இருந்தது. அதிலிருந்து மூன்று பல் தள்ளி ஒரு புள்ளி. வட்டமாக இல்லை, பிறை மாதிரி.

இரும்பில் குறி போடுகிற என் பஞ்ச்சின் முனை ஒரு பக்கம் உடைந்திருக்கும். அதை வைத்துச் சுத்தியலால் தட்டினால் பிறைதான் விழும்.

தபால்காரர் வண்டிக்குச் சரியான சக்கரம் கிடைக்காமல், வேறு மாடலின் சக்கரத்தைப் போட்டிருந்தோம். பல் எண்ணிக்கை ஒன்றுதான். கோடு மட்டும் அந்த வண்டிக்குப் பொருந்தாது. அதனால் சரியான இடத்தைக் கண்டுபிடித்து நான் புள்ளி குத்தினேன். "கோட்டை நம்பினா வால்வு போயிடும் சார், என் புள்ளிதான் கணக்கு" என்று தபால்காரரிடம் பீற்றிக்கொண்டேன். அன்றைக்கு வந்திருந்த அத்தானும் ஷெட்டில், சாவி தொங்கிய ஆணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் அவர் மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை. எவனோ திருடி இரும்புக் கடையில் போட்டிருக்கலாம். அத்தான் ஒன்றும் தெரியாமல் வாங்கியிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதனால் ஒரு காரியம் செய்தேன். வேண்டுமென்றே கம்பெனிக் கோட்டை ஹெட் விளிம்புக்கு நேராக வைத்து, செயினை மாட்டிவிட்டு, போல்ட்டைக் கையில் எடுத்தேன்.

"கோடு சரியா வந்துடுச்சு அத்தான். முறுக்கிடவா?"

இது யாருடைய இன்ஜின் என்று தெரியாதவராக இருந்தால் முறுக்கு என்றிருப்பார். அவர் போனைப் பார்த்தபடியே, "கோட்டுல வைக்காத. புள்ளில வை" என்றார்.

பிறகுதான் நிமிர்ந்தார். நானும் பார்த்தேன்.

"எந்தப் புள்ளி அத்தான்?"

அவர் போனைச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மச்சான், உங்கக்கா மாசமா இருக்கா. தெரியும்ல?"

"தெரியும்."

"புருஷன் ஜெயிலுக்குப் போனா, அவ எங்க போவா? இந்த ஷெட்டுக்குத்தான் வரணும். உன்ன ரெண்டு மாசம் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. சின்னப் பையன்தான. அவள மறப்பாங்களா?"

போல்ட்டில் மரை போய்விட்டது, காலையில் கடை திறந்ததும் வாங்கி மாட்டிவிடுகிறேன் என்று ஒரு பொய் சொன்னேன். அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "காலைல பத்து மணிக்குப் பார்ட்டி வருவான். வண்டி ஓடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சக்கரத்தைக் கழற்றி டவுசர் பையில் போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டபோதும் அது பையில்தான் இருந்தது. அத்தான் எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் ஊற்றியதில்லை.

எல்லோரும் படுத்த பிறகு அப்பாவிடம் போனேன். கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தார். சக்கரத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். புள்ளி வந்த இடத்தில் விரல் நின்றது. அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவர்தான் புள்ளில வைக்கச் சொன்னாரு."

"உங்கக்காவுக்கு?"

"தெரியாது."

"தெரிய வேண்டாம். போய்ப் படு."

முதல் தடவையாக என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். தபால்காரர் வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். தெருக் கதவு திறக்கும் என்று காது கொடுத்துக்கொண்டு படுத்திருந்தேன். திறக்கவில்லை. ஷெட் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. அரத்தை இரும்பில் தேய்க்கிற சத்தம். மெதுவாக, யாரும் எழுந்துவிடக் கூடாது என்கிற மாதிரி.

என் புள்ளியை ராவிக்கொண்டிருந்தார். அத்தானைப் பார்த்துக்கூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். அங்கே இருட்டில் அக்கா சொம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா இந்நேரத்துல என்னத்தடா ராவுறாரு?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள், நான் ஊருக்குத் திருடனாகவே இருந்திருப்பேன். சொல்லிவிட்டேன். இரும்புக் கடை, பெயிண்ட், பிறை, எல்லாம். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கோட்டுல வைக்காதன்னு அவரேதான் சொன்னாரா?"

"ஆமா."

அவளும் மெக்கானிக் மகள்தான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனாள். நான் வாசற்படியிலேயே நின்றேன். அரத்தின் சத்தம் நின்றது.

"குடுப்பா அத."

"உனக்காகத்தாம்மா."

"எனக்காகன்னா என்னைக் கேட்டிருக்கணும். தம்பி இத்தனை நாளு தலை குனிஞ்சு நடந்தான், அதையும் என்னைக் கேக்கல. இப்ப இதையும் கேக்கல."

திரும்பி வந்து சக்கரத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். பிறையில் ஒரு முனை போய்விட்டிருந்தது. மறு முனை அப்படியே இருந்தது.

"இவ்வளவு மிச்சம் இருந்தாப் போதுமாடா?"

"அடையாளம் தெரியும்."

"அப்ப செருப்பப் போடு. விடியிற வரைக்கும் இருந்தா எனக்கு மனசு மாறிடும். தபால்காரர் வீடு வரைக்கும் நான் கூட வரேன். கதவ நீ தட்டு."

இப்போது அவள் தெருக் கதவுக்கு வெளியே நிற்கிறாள். சக்கரம் அவள் முந்தானையில் முடிந்திருக்கிறது. நான் இருட்டில் செருப்பைத் தேடுகிறேன். ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்று அத்தான் படுத்திருக்கும் அறை வாசலில் கிடக்கிறது. அந்தக் கதவுக்குக் கீழே இவ்வளவு நேரம் இல்லாத வெளிச்சம் தெரிகிறது.

ஒற்றைச் செருப்போடு போனாலும் போகலாம்.