இரண்டு மூட்டைக்கு ஒரு மோட்டார்

அய்யாவுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையை மூட்டை கட்டினால் அவனுடைய மோட்டார் சைக்கிளால் அதை இழுக்க முடியாது. அவ்வளவு சின்ன வண்டி. மலாயாவில் பீடோங்குக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் தபாலைச் சுமப்பதற்காக வாங்கியது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை ஓடினார், தபாலும் நின்றது, வண்டி மட்டும் தபால் கொண்டுபோன அய்யாவிடமே தங்கிவிட்டது. பெட்ரோலை யாரும் கண்ணால் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. ரப்பர்க் கழிவைக் காய்ச்சி வடித்த எண்ணெயைக் குடித்து, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு அந்த வண்டி ஓடியது. ஓடியது என்று ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். மேடு வந்தால் அய்யாவு இறங்கித் தள்ளவேண்டும்.

தஞ்சோங் டாவாயில் கருவாடும் உப்பும் ஏற்றி, பீடோங் ரேஷன் கிடங்கில் காட்டிவிட்டு, கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவன் வேலை. அந்த வேலைக்கு அடையாளமாக முத்திரை குத்திய துணிப்பட்டை ஒன்றைக் கையில் கட்டியிருந்தான். அன்றைக்கு அந்தப் பட்டை பவுனைவிட உசத்தி. பட்டை கட்டியவனைச் சயாமில் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். கட்டாதவன் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்றால் மாலையில் வீடு திரும்புவான் என்று சொல்வதற்கில்லை. அய்யாவின் பெண்டாட்டி மருதம்மாளின் அண்ணன் மணியம் அப்படித்தான் போனான். போனவனிடமிருந்து நல்ல சேதியும் வரவில்லை, கெட்ட சேதியும் வரவில்லை.

இப்படியிருக்கையில் கிடங்கின் ஜப்பான் அதிகாரி ஓர் உத்தரவு போட்டார். அடுத்த மாதம் முதல் ஒரு நடைக்கு இரண்டு மூட்டை கொண்டுவராதவனுக்குப் பட்டை கிடையாது. அய்யாவின் வண்டியோ ஒரு மூட்டைக்கே பிரசவ வலி கண்டதுபோல் முனகும். மற்ற சுமைக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அய்யாவு மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, வழி தன்னைத் தேடி வரும் என்றான். அவன் வாய் முகூர்த்தமோ என்னவோ, வழி தேடித்தான் வந்தது.

பீடோங்கில் மளிகைக்கடை வைத்திருந்த ஜக்கரியா ஒருநாள் அவனைக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். விறகுக் குவியலை ஒதுக்கினார். உள்ளே, ஓடிப்போன துரையின் பெரிய மோட்டார் சைக்கிள் நின்றது. பட்டாளத்துக்காரன் கண்ணில் படாமல் அதை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தாராம். இதை நீ எடுத்துக்கொள், உன் சின்ன வண்டியை எனக்குக் கொடு, மேலே ஒரு காசு வேண்டாம் என்றார். தோட்டத்து உள்பாதையில் ஒரு நடை ஓட்டிப் பார்க்கவும் விட்டார்.

அங்கேதான் வினை பிடித்தது. புளியமரத்து மேடு என்று ஒன்று உண்டு. அதில் அய்யாவு தள்ளித் தள்ளியே செருப்பைத் தேய்த்திருந்தான். பெரிய மோட்டார் அந்த மேட்டை மேடென்றே மதிக்கவில்லை. உறுமிக்கொண்டு ஏறியது. ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின. அய்யாவு தனியாகச் சிரித்தான். உச்சிக்கு வந்து நின்றபோது அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இது தனக்காகவே செய்த வண்டி.

மருதம்மாள் அப்படி நினைக்கவில்லை. ஒருத்தன் யானையைக் கொடுத்துவிட்டுப் பூனையைக் கேட்டால் யானைக்கு மதம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம் என்றாள். பெரிய மோட்டார் ரோட்டில் போனால் பட்டாளம் சும்மா விடுமா? வண்டியையும் பிடுங்குவான், எங்கே திருடினாய் என்று கேட்டு ஓட்டினவனையும் தூக்குவான். ஜக்கரியா அதைக் கைகழுவப் பார்க்கிறார், நீங்கள் கையை நீட்டுகிறீர்கள். அய்யாவு அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தான். வண்டிக்குக் கரி பூசுவேன், கருவாட்டு மூட்டையின் நாற்றத்துக்கு எவனும் கிட்டே வரமாட்டான், வந்தால் பேசிக்கொள்வேன். அவள் விடவில்லை, அவனும் விடவில்லை. பேச்சு முற்றி, கடைசியில் தோட்டத்து முனியாண்டி சாமியிடம் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது.

எது முடியாவிட்டாலும் அந்தத் தோட்டத்தில் அதுதான் வழக்கம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், இரண்டையும் இலையில் ஒன்றுபோலக் கட்டி சாமி காலடியில் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் எடு, சிவப்பு வந்தால் விடு. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது; ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். சாமி ஒரு வாக்குத்தான் சொல்லும், மறுவாக்குக் கேட்பது தோஷம்.

பொட்டலத்தை நானே கட்டுகிறேன் என்றான் அய்யாவு. கட்டினான். இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினான். சாமியை ஏமாற்றுகிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. சாமி எப்படியும் வெள்ளையைத்தான் கொடுக்கப் போகிறது, அதற்கு எதற்கு வீண் சிரமம் என்று நினைத்துக்கொண்டு ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தான்.

வெள்ளிக்கிழமை பூசாரி ராமையா கற்பூரம் காட்டினார். கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே செம்பருத்தி, இரத்தம்போலச் சிவப்பாக.

அய்யாவு கன்னத்தில் போட்டுக்கொண்டான். தன் கையால் வெள்ளையை வைத்துக் கட்டியதைச் சாமி சிவப்பாக்கிவிட்டது. விபூதியை வாங்கி நெற்றி நிறையப் பூசிக்கொண்டான். இனிமேல் சாமி விஷயத்தில் விளையாடுவதில்லை என்று நெஞ்சுக்குள் சத்தியம் செய்துகொண்டே, மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு நடந்தான். தண்ணீரில் விடப் போனவன் கை நின்றது. பயம் ஒரு பக்கம் இருந்தாலும் அய்யாவு அய்யாவுதான். பிரித்துப் பார்த்தான்.

அதிலும் செம்பருத்தி.

சாமிதான் மாற்றியது என்றால் ஒன்றை மாற்றினால் போதாதா? அவனுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. திரும்பினால், தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மருதம்மாள் நின்றிருந்தாள்.

"ரெண்டுலயும் செவப்புதான் இருக்கு. சாமிகிட்டயே பொய் சொல்லுவியா நீ?" என்று கத்தினான் அய்யாவு.

"நான் பிரிச்சப்ப ரெண்டுலயும் வெள்ளை இருந்துச்சே. அது மட்டும் என்னாவாம்?" என்றாள் அவள்.

வீட்டில் ஒரு கயிற்றுமுடிச்சுக்கூடப் போடாத மனுஷன் பாட்டோடு பூப்பொட்டலம் கட்டினால் எந்தப் பெண்டாட்டிக்கும் சந்தேகம் வரும். அய்யாவுதான் முதலில் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"எங்கண்ணன் போனாப்பல நீங்களும் போயிட்டா நான் என்னா செய்வேன் மாமா? எனக்குப் பயமா இருக்கு. வேற ஒண்ணும் இல்லலா."

அவள் பயந்து அவன் பார்த்ததில்லை. கோபப்பட்டுத்தான் பார்த்திருக்கிறான். அந்தக் கோபமெல்லாம் இதுதானா என்று நினைத்துக்கொண்டே அவள் இடுப்பிலிருந்த தாம்பாளத்தை வாங்கிக்கொண்டான்.

"எனக்கும் மூட்டைக்காக மட்டும் இல்ல மருதம்," என்றான். "தொரை ஏறுன வண்டியில ஒருதடவ ஏறிட்டேன். எறங்க மனசு வரல. அதான் நெசம்."

அப்படியானால் சாமி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு பேரும்தான் மாறிமாறிச் சாமியாடியிருக்கிறார்கள். மறுபடி நேர்மையாகக் கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள் அவள். சாமி வந்து மூட்டை தூக்கப் போவதில்லை.

ஓடைக்கரையில் உட்கார்ந்தே பேசினார்கள். பெரிய வண்டியை எடுத்தால் வண்டியைப் பிடுங்குவான், சின்ன வண்டியோடு நின்றால் பட்டையைப் பிடுங்குவான். இரண்டும் போய்ச் சேருமிடம் சயாம்தான். பேசப் பேச அய்யாவுக்குப் பழைய மிடுக்குத் திரும்பியது. சுமக்க முடியாததை இழுக்கலாமே என்றான். ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் கட்டடத்தில் ஷீட் தள்ளுகிற வண்டி ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. அதை மோட்டாருக்குப் பின்னால் பூட்டினால் இரண்டு மூட்டை ஏறும். சமதரையில் இழுத்துவிடும். மேட்டில்தான் ஒரு ஆள் தள்ளவேண்டும்.

"நான் தள்றேன்," என்றாள் மருதம்மாள்.

பட்டாளம் திரிகிற ரோட்டில் நீ எதற்கு என்று அவன் தடுத்தான். அவள் கேட்கவில்லை. தினமும் தோள்கட்டையில் இரண்டு ரப்பர்ப் பால்வாளியைத் தூக்கித் தூக்கி உரமேறிய தோள் அது. வீட்டில் உட்கார்ந்து வழி பார்ப்பதைவிட வண்டி தள்ளுவது எத்தனையோ மேல் என்று சொல்லிவிட்டாள்.

ஜக்கரியாவிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் முணுமுணுத்துக்கொண்டே விறகை மறுபடி அடுக்கினார். கடைசிக் கட்டையை வைக்குமுன் அய்யாவு அந்தப் பெட்ரோல் தொட்டியை ஒருதரம் தடவிக்கொடுத்தான். வருத்தமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

மாதம் பிறந்தது. தஞ்சோங் டாவாயிலிருந்து இரண்டு மூட்டையும் கிளம்பின. வழியில் ஒரு சக்கரம் கழன்றது, கல்லால் அடித்து மாட்டினார்கள். வெயிலில் கருவாடு நாறியது, புகை மருதம்மாளின் முகத்தில் அடித்தது, அய்யாவு முன்னாலிருந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தான். பீடோங் கிடங்கு வாசலில் வந்து நின்றபோது அவள் முகம் அடுப்புக்கரியாக இருந்தது.

அதிகாரி வெளியே வந்தார். மூட்டையைக் குத்திப் பார்த்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயருக்குப் பதிலாகச் சுற்றியிருந்த ரப்பர்க் குழாயைக் காலால் உதைத்தார். இந்தச் சுண்டைக்காய் வண்டியா இத்தனையையும் இழுத்தது என்பதுபோல, தனக்குத் தெரிந்த மலாயில் "கெச்சில்" என்றார். சின்னது.

உத்தரவில் பெண்ணைப் பற்றி ஒன்றும் இல்லை. இது செல்லாது என்று அவர் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அய்யாவு அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"கெச்சில்தான் துவான். ஆனா காமி டுவா ஓராங்."

சின்னதுதான் ஐயா, ஆனால் நாங்கள் இரண்டு பேர். அதிகாரி மருதம்மாளை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போனார். யாரைக் கூப்பிடப் போகிறாரோ? திரும்பி வந்தவர் கையில் இரண்டு துணிப்பட்டை இருந்தது. ஒன்றை இவனிடம் நீட்டினார். மற்றதை அவளிடம் நீட்டினார். அடுத்த மாதம் மூன்று மூட்டை என்று கேட்பார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அது அடுத்த மாதத்துப் பாடு.

மருதம்மாள் பட்டையைப் பல்லால் கடித்துப் பிடித்து ஒரு கையாலேயே முடிச்சுப் போட்டாள். முடிச்சு இறுகியது. கோலா கெத்தில் ரோட்டில் திரும்பினார்கள். மேடு வர இன்னும் தூரம் இருந்தது. அவள் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்திருக்கலாம். உட்காராமல் வண்டியின் பின்கட்டையில் கைவைத்து நடந்து வந்தாள். அய்யாவும் எஞ்சினை முறுக்காமல் அவள் நடைக்கு ஓட்டினான்.