அப்பா விட்ட காட்சி

அக்காவைச் சிரிக்க வைக்கிற பொறுப்பு தம்பியின் தலையில் விழுந்தது. வேறு தலை எதுவும் அகப்படவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்ற பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியே இருந்து ஜோக் சொல்லியே பேர் வாங்கியவன்.

மறுநாள் காலை அக்காவுக்கு மார்பில் ஆபரேஷன். டீச்சரான அவள், மகளிடம் பள்ளிக்கூட வேலையாக வெளியூர் போவதாகச் சொல்லியிருந்தாள். அந்தப் பொய்யை அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தவனும் தம்பிதான்.

"குழந்தைகிட்ட எதுக்குக்கா? பயந்துக்கும்," என்றிருந்தான். அவன்தான் பயந்திருந்தான் என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் அந்தப் பழைய கிறிஸ்துமஸ் படத்தோடு வந்தான். சின்ன வயதில் அப்பா டிவியிலிருந்து கேசட்டில் பதிந்து வைத்த கறுப்பு வெள்ளைப் படம். பனி, மணியோசை, வேலை போன தபால்காரர், அவருடைய வாயாடி மகள். கேசட்டில் பூசணம் பிடிக்கும்வரை பார்த்திருக்கிறார்கள். இப்போது முழுப்படமும் பளிச்சென்று நெட்டில் வந்திருந்தது.

"விளம்பரம் வந்தா தாத்தா பாஸ் பட்டனை அமுக்கிப் பதியறதை நிறுத்துவாரு. ஒரு தடவை அப்படியே தூங்கிட்டாரு," என்றாள் அக்கா மகளிடம். "அதனால நடுவுல ஒரு துண்டே கிடையாது. திடீர்னு அந்தப் பொண்ணோட அம்மா காணாமப் போயிடுவா."

"எங்க போனா?"

"ஊருக்குன்னு உங்க மாமா சொல்லுவான். படம் முடியறவரைக்கும் அவளுக்குத் திரும்பி வர பஸ்ஸே கிடைக்காது."

மகள் நடுவில் உட்கார்ந்தாள். தபால்காரர் பனியில் வழுக்கி விழுந்தபோது அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். தம்பிக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றியது.

அப்புறம் கேசட்டில் இல்லாத அந்தத் துண்டு வந்தது. கட்டிலில் அந்த அம்மா. டாக்டர் பையை மூடுகிறார். போர்வை முகம்வரை வரவில்லை, ஆனால் வரப்போகிறது.

தம்பிக்கு அப்போதுதான் புரிந்தது. அவர்களுடைய அம்மா செத்த வருஷம் பதிந்த கேசட் அது. அப்பா தூங்கவே இல்லை. அவர் தியேட்டரில் முன்பே பார்த்த படம். எங்கே அமுக்குவது என்று தெரிந்தே அமுக்கியிருக்கிறார். அந்த மனுஷனைத்தான் இத்தனை வருஷம் தூங்குமூஞ்சி என்று கேலி பண்ணினார்கள்.

பதறி ரிமோட்டை அமுக்கினான். படம் சரியாக அந்த அம்மாவின் முகத்தில் நின்றது. அப்பாவின் கைவாகு பிள்ளைக்கு வாய்க்கவில்லை.

"நெட் சரியில்ல," என்றான்.

"விடுடா. ஓடட்டும்."

"வேணாம்க்கா."

"அம்மா ஊருக்குப் போயிருக்கான்னுதான் அப்பா நம்மகிட்டயும் சொன்னாரு. நீ தூங்கிடுவ. நான்தான் அவ வருவாளான்னு ஜன்னல்ல நிப்பேன்."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாளைக்கு நீ எந்த ஊருக்கும்மா போற?"

"எந்த ஊருக்கும் இல்ல, கண்ணு. ஆஸ்பத்திரிக்கு."

"சரியாயிடுமா?"

"ஆகணும்னுதான் போறேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

தம்பியின் வாயில் ஜோக்குகள் முண்டியடித்தன. ஒன்றும் தேறவில்லை.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மகள் அவன் பக்கத்திலிருந்து எழுந்து, அம்மாவின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். "நானும் வருவேன்," என்றாள், அம்மாவிடம் மட்டும்.

"ஸ்கூட்டர்ல மூணு பேர் போக முடியாது," என்றான் தம்பி. "டாக்ஸி சொல்லிடறேன்."

அதில் ஜோக் எதுவும் இல்லாததால் இருவரும் தலையாட்டினார்கள்.